தர்மபுரியிலிருந்து மூன்று நாளில் போய்வர, புத்தர் கோயிலும் ஆறும் காடும் சேர்ந்த இடம் எது?

மூன்று நாள் லீவு இருக்கிறது, புத்தர் கோயில் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆறும் காடும் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் பைலகுப்பேதான், திபெத்திய அகதிகள் குடியேறிய ஊர். நம் ஒகேனக்கல்லில் விழுகிற அதே காவிரியைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், குடகு எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், மைசூர் மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. பெங்களூர் சாட்டிலைட் பஸ் ஸ்டாண்டில் மடிக்கேரி வண்டி ஏறி குஷால்நகரில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ. நான் இரண்டு தடவை போயிருக்கிறேன்.

ஊருக்குள் நுழையும்போதே ஒரு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் நம் பக்கம் போலவே மக்காச்சோளக் காடு. அதற்கு மேலே நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வரிசையாகத் துணிக்கொடிகள் படபடக்கும். 1959இல் தலாய் லாமா திபெத்தை விட்டு வந்த பிறகு, பின்னாலேயே வந்த மக்களுக்கு அன்றைய மைசூர் அரசு இங்கே காட்டு நிலம் ஒதுக்கியது. அதை வெட்டித் திருத்தித்தான் ஊராக்கினார்கள். 1963இல் பெனோர் ரின்போச்சே என்ற குரு மூங்கிலால் ஒரு சின்னக் கோயில் கட்டினார். இன்றைக்கு எல்லாரும் தங்கக் கோயில் என்று சொல்லும் நம்ட்ரோலிங் மடம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

உள்ளே மூன்று சிலைகள். நடுவில் புத்தர், 60 அடி. இருபுறமும் பத்மசம்பவரும், நீண்ட ஆயுளுக்கான புத்தராக வணங்கப்படும் அமிதாயுசும், தலா 58 அடி. செம்பில் வார்த்துத் தங்க முலாம் பூசியவை. பத்மசம்பவர் 8ஆம் நூற்றாண்டில் திபெத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டுபோனவர். படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடாதீர்கள், அதுதான் என் ஒரே வேண்டுகோள். பூஜை நேரத்தில் ஓரமாகத் தரையில் உட்காருங்கள். அரக்கு நிறத் துணி போர்த்திய பிக்குகள் வரிசையாக உட்கார்ந்து, தாழ்ந்த பலகை மேல் மந்திரப் புத்தகத்தை வைத்துப் படிப்பார்கள். அந்தப் புத்தகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நம் ஓலைச்சுவடி மாதிரியே நீளவாக்கில் ஒடுங்கிய தாள்கள், தைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக. படித்த தாளைப் புரட்டி அந்தப் பக்கம் வைக்கிறார்கள். திடீரென்று முரசும் தாளமும் நீண்ட ஊதுகொம்பும் ஒன்றாகக் கிளம்பும்போது உட்கார்ந்திருக்கும் தரை அதிர்வது உடம்புக்குள் தெரியும். என் சின்ன மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

மறுநாள் ஆற்றுக்கு. குஷால்நகர் பக்கத்திலேயே நிசர்கதாமா. தொங்குபாலம் கடந்தால் ஆற்று நடுவில் ஒரு தீவு, முழுக்க மூங்கில். அங்கே காவிரி சத்தமே போடாமல் போகிறது. பிள்ளைகள் நம்பவில்லை, “இதுவா நம்ம ஆறு?” என்று கேட்டார்கள். நேரம் இருந்தால் தலைக்காவிரியும் போய்வாருங்கள், மலைமேல் ஒரு சின்னக் குண்டம்தான், அதற்குள்ளிருந்துதான் எல்லாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகாதீர்கள். குடகில் மழை வலுத்தால் நமக்கு இங்கே ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டம் நின்றுவிடும் என்பது தெரியும்தானே, அங்கே நடக்கவே முடியாது.

ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் ஆத்தூர் பக்கம் தியாகனூருக்குப் போங்கள். வயல்வெளி ஊர், பழைய புத்தர் சிலைகள் தியானத்தில் அமர்ந்திருக்கின்றன. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டு வந்த சிலையும் புத்தர்தான் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நமக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார் பாருங்கள்.

ஆனால் நான் பைலகுப்பேவைச் சொல்வதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. எங்கள் ஊர் பென்னாகரம் வட்டம் நாகமரை. எங்கள் ஆயா பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் போய்விட்டது. 1934இல் அணை முடிந்தபோது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு. சாகும் வரைக்கும் தண்ணீரைக் காட்டி “அங்கதான் எங்க ஊடு” என்று சொல்வார். அணையில் நீர் நன்றாக இறங்கினால் எதிர்க்கரைப் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் கோயிலின் நந்தி தலைகாட்டும். அப்போதெல்லாம் படகு பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

மடத்தின் வெளிச்சுவரில் வரிசையாக மந்திர உருளைகள் இருக்கும், வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே நடக்க வேண்டும். அங்கே ஒரு திபெத்தியப் பெரியவர் என் மகளுக்கு எப்படிச் சுற்றுவது என்று காட்டினார். “நிம்ம ஊரு யாவுது?” என்று கன்னடத்தில் கேட்டார். எனக்கும் கொஞ்சம் கன்னடம் வரும், காவிரிக்கரைதான், கீழே, ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது என்றேன். குழந்தையாக அம்மா முதுகில் பனிமலை தாண்டி வந்தவராம். திரும்பிப் போனதே இல்லை. “உங்க ஊர் எப்பவாவது தண்ணிக்கு வெளியே தெரியுமா?” என்று கேட்டார். போனில் இருந்த நந்தி படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை இரண்டு கையாலும் ஏந்தித் தலையில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த முறை அணையில் தண்ணீர் இறங்கும்போது நாகமரைக்கு வரச் சொல்லி அவரிடம் என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.