ஹாமர்ஃபெஸ்ட் நகரச் சின்னத்தில் பனிக்கரடி இருக்கிறதே, அங்கே கரடிகள் திரிகின்றனவா?

இல்லை. நார்வேயின் வடகோடியில் உள்ள துறைமுக ஊரான ஹாமர்ஃபெஸ்டில் பனிக்கரடி கிடையாது. அவை இருப்பது கடல் தாண்டி, ஸ்வால்பார்ட் தீவுகளில். அங்கே வேட்டைக்குப் போன கப்பல்கள் பல இந்த ஊரிலிருந்து பாய் விரித்தன. அந்த வேட்டைத் தொழில்தான் சிவப்புப் பின்னணியில் நடக்கும் வெள்ளைக் கரடியாகச் சின்னத்தில் ஏறியது. 1938-இல் அதை அதிகாரபூர்வமாக ஏற்றார்கள்.

பெயருக்கும் கடல்தான் காரணம். ‘ஹாமர்’ என்றால் செங்குத்துப் பாறை, ‘ஃபெஸ்ட்’ என்றால் படகைக் கட்டும் இடம். 1789-இல் நகர உரிமை கிடைத்தது. 1890-இல் பெரும் தீ. மறு ஆண்டே தெருவில் மின்விளக்கு. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எட்டிப் பார்க்காத ஊர், அவசரம் புரிகிறது!

அதைவிடப் பெரிய அடி 1944-இல். பின்வாங்கிய ஜெர்மானியப் படை மக்களை வெளியேற்றிவிட்டு ஊரைக் கொளுத்தியது. மிஞ்சிய ஒரே கட்டடம் கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயம். மற்றபடி இன்று நாம் பார்ப்பது போருக்குப் பின் கட்டியது.

சரி, என்னைக் கேட்டால் கரடியைவிட அருமையான அடையாளம் ஃபுக்லெனெஸ் முனையில் நிற்கும் கல்தூண். உச்சியில் ஒரு வெண்கல உலகுருண்டை. 1816 முதல் 1852 வரை, கருங்கடல் பக்கத்திலிருந்து இங்கே வரை முக்கோணம் முக்கோணமாக நிலத்தை அளந்து பூமியின் வடிவத்தைக் கணித்தார்களே, அந்த அளவைக் கோட்டின் வடக்கு முனை இது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.