எங்கள் ஊரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நானே சேர்க்கலாமா? தனி ஆளாகச் செய்து என்ன பயன்?

தாராளமாகச் சேர்க்கலாம். கணக்கு ஒன்று தொடங்கினால் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய நாளிலிருந்து, யாரும் திருத்தக்கூடிய அந்த இலவச உலக வரைபடம் இப்படித்தான் வளர்ந்து வருகிறது. பயனைப் பற்றிக் கேட்டால், எங்கள் ஊரில் நடந்ததையே சொல்கிறேன்.

எனக்குக் கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமம். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு ஒரு தெருவில் இருக்கும். பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போய், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். உறவினர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து வந்த வேன், அந்தப் பின்தெருவில் பூட்டிய கதவுக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றது. வயதானவர்கள் வெயிலில் இறங்கிச் சுற்றி நடந்து வந்தார்கள். வரைபடத்தில் வீடு என்பது கூரை நடுவில் ஒரு புள்ளிதான். செயலியோ அந்தப் புள்ளிக்கு எந்தத் தெரு பக்கமோ அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். மறுவாரமே வீட்டை முழுதாக வரைந்து, முகப்பில் முதன்மை வாசலைக் குறித்தேன். இப்போது யார் வழி கேட்டாலும் அந்த வாசல் இருக்கும் இடத்தையே அனுப்புகிறேன்.

வரைந்ததிலும் முதலில் ஒரு தப்பு செய்தேன். வளவுக்கு நடுவே வானம் பார்த்த முற்றத்தையும் சேர்த்து ஒரே கூரையாகப் போட்டுவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவர், முற்றத்தை உள்வளையமாக, அதாவது கூரைக்குள் ஓர் ஓட்டையாக, கழித்து வரைய வேண்டும் என்று பொறுமையாக எழுதியிருந்தார். அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே பாதி வேலை முடியும். மீதிப் பாதிக்கு ஊரில் நடக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான். ஒன்றைக் குளம் என்று நான் குறித்துக்கொண்டு நின்றபோது ஓர் ஆச்சி திருத்தினார்: "அது கொளமில்ல தம்பி, ஊருணி. கொளத்துல குளிப்பாக. இது குடிக்கிற தண்ணி, கால் வைக்க விடமாட்டாக." வயலுக்குப் பாய்வது கண்மாய், அது வேறு. வரைபடத்தின் வகைப் பட்டியலில் ஊருணி என்று ஒன்று கிடையாது. அதனால் பெயரிலேயே ஊருணி என்று முழுசாக எழுதுங்கள், தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் உண்டு. ஆனால் இன்று அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை என்றால் குடிநீர் என்று குறிக்காதீர்கள். இன்று தரையில் இருப்பதைத்தான் போட வேண்டும்.

கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பெயர்களை எழுதக் கூடாது, உரிமம் இடம் தராது. தெருப் பலகையைப் பாருங்கள், ஆட்களைக் கேளுங்கள். பலகையில் ஒரு பெயரும் வாயில் வேறு பெயரும் இருந்தால் இரண்டாவதை மாற்றுப் பெயராகச் சேர்க்கலாம்.

இன்னொன்று, இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எங்கள் ஊரில் வீடுகளைக் குடும்ப விலாசத்தை, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை, சொல்லித்தான் அடையாளம் காட்டுவோம். அதை வரைபடத்தில் போடாதீர்கள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்றும் எழுதாதீர்கள். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் வீடுகள் அவை. உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் அது தேவையில்லை.

கருவி என்றால், ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி போதும். நடக்க நடக்க அதுவே கேள்வி கேட்கும். வீடுகளை வரையக் கணினிதான் வசதி. திருத்தம் இணையதளத்தில் சில நிமிடங்களில் தெரியும், இந்த வரைபடத்தை வைத்து வழிகாட்டும் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளுக்கு வர நாளாகும்.

முதலில் உங்கள் ஊர் ஊருணியில் ஆரம்பியுங்கள். சாயங்காலம் திண்ணையில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். எங்கள் ஊர் வடக்குக் கண்மாய்க்கு இன்னும் எனக்குப் பெயர் கிடைக்கவில்லை. பொங்கலுக்குப் போகும்போது அந்த ஆச்சியிடம்தான் கேட்க வேண்டும்.