எட்டு போர்ட் போதுமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம். அலுவலகத்தில் ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். ரவுட்டரில் கேபிள் செருக நாலே போர்ட். ஒரு நெட் லைனைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரித்துத் தரும் ஸ்விட்ச் எட்டு போர்ட்டில் வாங்கினால் போதுமா? வயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: ஆறும் ஒன்றும் ஏழு, ரவுட்டரிலிருந்து வரும் கேபிளுக்கு ஒன்று. எட்டும் நிரம்பிவிடும். 16 போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ் வேகம்) ஸ்விட்ச் வாங்குங்கள். அன்மேனேஜ்டு ரகமே போதும், செட்டிங் எதுவும் தேவையில்லை. ரவுட்டரின் லேன் (LAN) போர்ட்டிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு கேபிள் கொடுங்கள். வேன் (WAN) போர்ட் வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் லைனுக்கு.

கேபிளில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி வளைத்தால் முறியும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். முழுச் செம்பில் கேட் 6 (Cat 6) ரகக் கேபிள் வாங்கி, ஒவ்வொரு இழுப்பும் 100 மீட்டருக்குள் இருக்கட்டும்.

கேபிள் முனையில் கிளிப் அடிக்கும்போது, உள்ளே உள்ள எட்டுக் கம்பிகளுக்கும் இரு முனையிலும் ஒரே வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். நீலம் அல்லது பிரவுன் ஜோடியில் ஒரு கம்பி சரியாக அமராவிட்டாலும் நெட் வரும், ஆனால் வேகம் 1000 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 100க்கு இறங்கிவிடும். கம்ப்யூட்டரில் லிங்க் ஸ்பீடை (இணைப்பு வேகத்தை) பார்த்தே தீர வேண்டும்.

ஒருநாள் ஸ்விட்சில் உள்ள எல்லா விளக்கும் ஒன்றுசேர வேகமாக மின்னி, நெட்வொர்க் மொத்தமும் நின்றால், ஒரே கேபிளின் இரு முனையும் ஸ்விட்சிலேயே செருகப்பட்டிருக்கலாம். தரவு உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகும். ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை உருவியதும் அடங்குகிறதோ, கோளாறு அதில்தான்.