மகளோடு பேசி ஐந்து நாளாகிறது

மேடம், வணக்கம். எனக்கு 58 வயது. ஊர் தூத்துக்குடி. தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். 31 வயதான என் மகள் சென்னையில் இருக்கிறாள். மூத்தவனுக்கு நாலு வயது, சின்னவளுக்குப் பத்து மாதம். இரண்டும் ஆபரேஷன். சின்னவள் பிறந்தபிறகு இவள் ரொம்ப ஒடிந்துபோனாள். பிள்ளையைத் தூக்கவே மாட்டாள், ராத்திரி முழுக்க அழுவாள். மனநல மருத்துவரிடம் காட்டி, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு இப்போதுதான் தேறினாள். தடுப்பு முறை பலிக்காமல் இப்போது மறுபடியும் எட்டு வாரம்.

கலைக்கப் போகிறேன், அன்றைக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வீர்களா அம்மா என்று போனில் கேட்டாள். "கடவுள் கொடுத்த உயிரை எடுக்க நீ யார்? செய்தால் என் முகத்தில் முழிக்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் அவள் கூப்பிடவில்லை. தினமும் பனிமய மாதா கோயிலில் போய் உட்கார்ந்து அழுகிறேன். என் முதல் குழந்தை ஏழாம் மாதம் இறந்து பிறந்தது. இன்றைக்கும் கல்லறைத் திருநாளில் அதற்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். மகளை எப்படித் தடுப்பது? நான் போய் நின்றால் பாவத்தில் எனக்கும் பங்கா?

- ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

கருவும் உயிர் என்பது உங்கள் விசுவாசம். அதை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், யாரும் சொல்லக் கூடாது. ஆனால் மகளைத் தடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்துகூடச் சட்டத்துக்குத் தேவையில்லை. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். தடுப்பு முறை தவறியதையும், தாயின் மனநலம் கடுமையாகப் பாதிக்கப்படும் என்பதையும் சட்டம் காரணமாக ஏற்கிறது. அவள் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் பெற்றிருப்பீர்கள். அப்போது உங்கள் சம்மதம் இல்லாமல் யாராவது கலைத்திருந்தால் அது குற்றம். பெறுவது, கலைப்பது இரண்டு முடிவுக்கும் காவல் அந்தப் பெண்ணின் சம்மதம் ஒன்றுதான்.

உங்கள் மகளும் ஞானஸ்நானம் பெற்று, மறைக்கல்வி படித்து வளர்ந்தவள்தானே. திருச்சபை என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறாள். பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அந்தப் பயத்தைச் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அவளைப் பார்த்த அதே மனநல மருத்துவரிடம் இப்போதே ஒருமுறை போகச் சொல்லுங்கள். கணவரோ மாமியாரோ நெருக்குகிறார்களா என்று மட்டும் ஒருமுறை கேளுங்கள். இல்லை, என் முடிவுதான் என்றால் அதற்குமேல் தோண்டாதீர்கள்.

அந்த ஏழாம் மாதக் குழந்தையைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது. போனில் நீங்கள் கத்தியதில் பாதி அந்தக் குழந்தைக்காகவோ என்று தோன்றுகிறது. நீங்கள் ஏங்கி இழந்த பிள்ளை அது. அந்தத் துக்கத்தை இத்தனை வருஷம் தனியாகவே சுமந்திருக்கிறீர்கள். அதற்காகத் தனியாக ஒருநாள் யாரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். மகளின் கர்ப்பத்தின் மேல் அதை இறக்கி வைக்க வேண்டாம் அம்மா.

பாவத்தைப் பற்றி முடிவு சொல்ல நான் ஆள் இல்லை, உங்கள் பங்குத்தந்தையிடம் மனம்விட்டுக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கருக்கலைப்புக்கு மனம் வருந்தி வருபவர்களுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகக் கொடுத்தார். திருச்சபையின் போதனை மாறவில்லை. ஆனாலும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. நீங்கள் ஏன் உங்கள் வாசலைச் சாத்த வேண்டும்?

ஆஸ்பத்திரிக்குள் போக உங்கள் மனசாட்சி இடம் தரவில்லையா, சரி, போகாதீர்கள். வீட்டில் பிள்ளைகளோடு இருங்கள். அவள் மனம் மாறிப் பெற்றுக்கொண்டாலும் அதே வீட்டில் உங்களுக்கு நிறைய வேலை இருக்கும். இன்றைக்கே கூப்பிடுங்கள். "என்னால் இதை ஏற்க முடியவில்லை, ஆனாலும் நான் உன் அம்மா, எந்த ரயிலுக்கு வரட்டும்?" என்று கேளுங்கள்.