வயல்வாடித் தகரக் கூரையின் கீழ் வைத்த தோட்டா வெயிலுக்கு வெடிக்குமா? பிரிட்ஜில் வைக்கலாமா?

வெடிக்காது. பிரிட்ஜும் வேண்டாம். நீங்கள் கேட்பது வட்டை (வயல்) காவலுக்கு உரிமம் எடுத்த, '12 போர்' என்கிற குழல் அளவுள்ள துவக்கின் தோட்டா என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கச்சான் அடிக்கிற ஆடியில், வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள்கூட 60, 70 பாகைதான் வரலாம். தோட்டா தானாக வெடிக்க 150 பாகையாவது தாண்டவேண்டும். 2010 செப்டெம்பரில் மட்டக்களப்பு கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் நடந்த வெடிப்பை நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அங்கே வெடித்தது டைனமைட், பொருளே வேறு.

ஆனால் வெயில் சூடு தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தை மெதுவாகக் கெடுக்கும். புகையில்லா மருந்தில் உள்ள நைட்ரோசெலுலோஸ் எப்போதும் சிறுகச் சிறுகச் சிதைந்து அமில வாயு விடும். அதைப் பிடித்துவைக்க டைபீனைலமீன் போன்ற ஒன்றைக் கலந்திருப்பார்கள். 10 பாகை கூடினால் சிதைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கலந்தது சீக்கிரம் தீர்ந்துபோகும். பிறகு மூக்கை அரிக்கும் புளிப்பு மணம் வரும், உலோகம் உள்ளிருந்தே அரிபடும். அப்படிப்பட்டதைச் சுடக்கூடாது.

ஆனாலும் நம் பக்கத்தில் வெயிலைவிடப் பெரிய எதிரி மாரி ஈரமும் கடற்கரை உப்புக்காற்றும்தான். கடதாசி உறைத் தோட்டா ஊதிப்போய்க் குழலுக்குள் ஏறாது. பித்தளை முலாம் பூசிய இரும்பு அடி துருப்பிடிக்கும். அசல் பித்தளைக்கு யூரியா மூட்டை ஆகாது: ஈரத்தில் யூரியா அமோனியா விட, பித்தளை வெடிப்பு விடும். பிரித்தானிய இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் பிளந்ததற்குக் காரணமும் அமோனியாதான். பசளைக் களஞ்சியத்தில் தோட்டாப் பெட்டி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

குளிர் மருந்தைக் கெடுப்பதில்லை. உறைபனி நாடுகளில் மருந்து சற்று மந்தமாக எரிந்து வேகம் குறையும், பிளாஸ்டிக் நொறுங்கும், அவ்வளவுதான். பிரிட்ஜில் உள்ள சிக்கல் வேறு. வெளியே எடுத்ததும் நம் காற்றில் உள்ள ஈரம் முழுக்கத் தோட்டாவில் முத்து முத்தாக வியர்க்கும். இரண்டு முறை எடுத்து வைத்தாலே துரு.

தகரக் கூரை இல்லாத கல்வீட்டில், வெளிச்சுவரில் ஒட்டாமல், நிலத்திலிருந்து உயரத்தில், பூட்டிய அலுமாரிக்குள் வையுங்கள். றப்பர் வளையம் உள்ள மூடியோடு ஒரு பெட்டி, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் சில. மழை நாளில் பெட்டியை மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும். காய்ந்த நாளில் மூடுங்கள். வறுத்த அரிசி போடுவார்கள், அது தூசியும் வண்டும்தான் தரும். எண்ணெய் பூசவே வேண்டாம், தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்குள் ஊறி அதைச் செத்ததாக்கிவிடும்.

வெள்ளத்தில் நனைந்ததை வெயிலிலோ அடுப்படியிலோ காயவைக்காதீர்கள், கிணற்றிலும் போடாதீர்கள். பொலிஸில் ஒப்படையுங்கள்.

பழைய தோட்டா அடித்தும் வெடிக்காவிட்டால், குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடம் பொறுத்தே திறக்கவேண்டும். சுடும்போது 'பொக்' என்று மெலிந்த சத்தம் கேட்டால் அடுத்ததைப் போடவேண்டாம். துவக்கைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகு குழலுக்குள் பாருங்கள். மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையில் வைக்கும் தக்கை சிக்கியிருந்தால் அடுத்த சூட்டில் குழலே பிளக்கும்.