முடிக்காத வேலை ஏன் மனதை விட்டுப் போவதில்லை?

பாதியில் நின்ற வேலை திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவதை உளவியலில் சைகார்னிக் விளைவு என்பார்கள். பெர்லினில் ஆய்வு செய்த புளூமா சைகார்னிக் 1927இல் இதை எழுதினார். தொடங்கிய வேலை மனதில் ஓர் இழுவிசையை உண்டாக்குகிறது, முடிந்த பிறகே அது தளரும் என்பது அவருடைய ஆசிரியர் கர்ட் லெவின் தந்த விளக்கம்.

பவானி ஜமக்காளத் தறியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நெய்து முடித்து அறுத்தெடுக்கும் வரை நீளவாக்கில் கட்டிய பாவு நூல் விறைப்பாகவே நிற்கும். நெசவாளர் சாப்பிடப் போய்விட்டாலும் அப்படித்தான். ஆனால் பின்னாளில் நடந்த சோதனைகள் சிலவற்றில் சைகார்னிக் கண்ட முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வேலையை முடித்தால்தான் நிம்மதி என்று பலர் நம்புவது சரியல்ல. எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்த நச்சரிப்பு குறைவதை மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011இல் காட்டினார்கள்.