வாசகர் கேள்வி: கிளாஸ்ல பேசினது பாகுபாடா?

கேள்வி: என் பையன் அமெரிக்காவுல பிஎச்டி பண்றான், கூடவே கிளாஸும் எடுக்கறான். 2009 முள்ளிவாய்க்கால் பத்தி கிளாஸ்ல பேசினதுக்கு, சிங்கள ஸ்டூடன்ட் ஒருத்தர் 'பொறந்த நாட்டை வெச்சு என்னை ஒதுக்குறார்'னு கம்ப்ளெயின்ட் குடுத்துட்டாராம். வேலை போயிடுமா?
- ஒரு அப்பா, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பதறாதீங்க சார், ஆனா அலட்சியமாவும் விடாதீங்க. அங்க 1964 சிவில் ரைட்ஸ் சட்டத்துல டைட்டில் 6னு ஒரு பகுதி இருக்கு, மத்திய அரசுகிட்ட பணம் வாங்குற யுனிவர்சிட்டி எதுவும் இனம், நிறம், பூர்வீக நாடு இதையெல்லாம் வெச்சு யாரையும் பாகுபாடு பண்ணக்கூடாது. ரொம்ப அவசியமான சட்டம், நாளைக்கு உங்க பையனையே இந்தியன்னு ஒதுக்கினா அவனுக்கும் இதுதான் துணை. ஆனா ஒரு அரசாங்கத்தையும் ராணுவத்தையும் விமர்சிக்கிறது வேற, எதிர்ல உக்காந்திருக்கிற பிள்ளையை எழுப்பி 'உங்க ஆளுங்கதானே பண்ணாங்க, நீ பதில் சொல்லு'னு கேக்குறது வேற. முதலாவது பாடம், அதைத் தடுத்தா வரலாறே சொல்லித்தர முடியாது. ரெண்டாவது தப்பு, நம்ம வலி எவ்ளோ நியாயமா இருந்தாலும் தப்புதான், 2009ல அந்தப் பிள்ளை சின்னக் குழந்தையா இருந்திருக்கும்.

பையன் செஞ்சது முதலாவதுன்னா அதைக் காட்டணும். அன்னிக்கு நடத்தின ஸ்லைடு, சிலபஸ், அந்த ஸ்டூடன்ட்டுக்குப் போன மெயில், மார்க் போட்ட பேப்பர் எல்லாத்தையும் எடுத்து வெக்கச் சொல்லுங்க. சமாதானம் பேசறேன்னு தனியா அவர்கிட்ட போக வேணாம், மிரட்டுறதா எடுத்துக்க வாய்ப்பிருக்கு. எழுத்துல பதில் குடுக்கறதுக்கு முன்னாடி அங்க டீச்சிங் அசிஸ்டன்ட்களுக்கு யூனியன் இருந்தா அவங்ககிட்ட, இல்லன்னா விசா விவகாரமும் தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்ட பேசிடட்டும்.